யாருடைய அனுமதி என்று சொல்வதில்லை

வேலம்பாளையம்
1 செப்டம்பர் 2024

தரணி மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். போனில் பேசும்போது உங்களுக்கு இருமல் இருந்தது. விட்டதா?

பக்கம் பக்கமாக மெயில் வருகிறதே என்று சிரிக்க வேண்டாம். நீங்கள் லீவில் வந்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டு, திரும்பிப் போன நாளிலிருந்து நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். எதிர் வீட்டு அக்கா வரைக்கும் கேட்கிறது. உங்களிடம் "சாப்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வருவதில்லை. எழுதினால் வரும். நீங்களும் இப்படியே எழுதினால் எனக்குப் பிடிக்கும்.

ஒரு சந்தேகம். எங்கள் லிங்கசாமி பெரியப்பாவின் கம்பெனியில் நான் பார்த்துக்கொள்ளும் பையர்களில் ஒருவர் நீங்கள் இருக்கும் போர்ச்சுகல் நாடு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, குழந்தை உடுப்பு வாங்குகிறவர்கள். அவர்களிடமிருந்து மார்த்தா என்றொரு பெண் வீடியோவில் பேசுவார். போன செவ்வாய்க்கிழமை பேச்சுக்கு நடுவில் அவர் வீட்டு மணி அடித்தது. "கோம் லிசென்ஸ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பக்கத்தில் இருந்த பெரியப்பா பதறிவிட்டார். "ஏதோ லைசென்ஸ் கேக்கறாங்க பாரு கண்ணு, அந்த சர்ட்டிபிகேட் ஃபைல எடு, எடு!" மார்த்தா திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கேமரா முன்னால் ஃபைலைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவர் பெருந்தன்மையாகப் பார்த்துவிட்டு "நைஸ்" என்றார். அந்தச் சொல் என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நான் அங்கே வந்தபின் என்ன வேலை செய்யலாம்? உங்கள் கம்பெனி ஆபீஸில் பெண்கள் இருக்கிறார்களா? இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நித்யஸ்ரீ

*

பார்சேலுஸ், போர்ச்சுகல்
15 செப்டம்பர் 2024

நித்யாவுக்கு,

நான் நல்லா இருக்கேனுங்க. இருமல் போயிடுச்சு. அப்பா, அம்மா, நீங்க எல்லாம் சுகந்தானே. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முதலிபாளையத்துல நிட்டிங் மெஷின் மெக்கானிக்கா இருந்தப்போ ஆயில் மாத்தின தேதி எழுதுவேன், அவ்வளவுதான். தப்பிருந்தா கண்டுக்காதீங்க.

ஃபைல் கதையைப் படிச்சுட்டுக் கேன்டீன்ல தனியா சிரிச்சேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த ஃபாத்திமா அக்கா என்னன்னு கேட்டாங்க. சொன்னேன், அவங்களும் சிரிச்சாங்க. பேரைப் பார்த்து முஸ்லிம்னு நினைச்சுடாதீங்க, இங்க அது மாதா பேரு. எங்க மில்லுல சாம்பிள் ரூமுக்குத் தலைவி. எனக்கு இந்த பாஷை வந்ததே அவங்க திட்டித் திட்டித்தான்.

'கோம்'னா 'ஓட'. 'லிசென்ஸ'ன்னா அனுமதி. அனுமதியோட. பஸ்ல ஆளுகளைத் தாண்டிப் போகணும்னா, சாப்பிட்டு எந்திரிக்கும்போது, ஒருத்தர் ஊட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும்போது, எல்லாத்துக்கும் இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி காதுல விழும்னு சொல்ல முடியாது. சொல்லும்போது 'ம்' வர்ற இடத்துல உதட்டை மூடக் கூடாது, மூக்குல விடணும். எழுதும்போது அந்த 'ஸ' எழுத்து ஆங்கில 'சி'தான், அடியில ஒரு சின்ன வால் இருக்கும். வால் இல்லைன்னா 'க' ஆயிடும்.

குளிர் இன்னும் வரலை. அத்தை மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்க.

தரணீதரன்

*

வேலம்பாளையம்
29 செப்டம்பர் 2024

தரணி மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, தைலத்தில் அடங்கிவிட்டது. ஃபாத்திமா அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தப்பு ஒன்றும் இல்லை. வால் வைத்த எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் 'ழ' எழுதிப் பழகியபோது வந்த அதே சந்தோஷம்.

அந்த இரண்டு சொல்லையும் நான்கு நாளாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நாம் 'அனுமதி' என்று முதலில் சொல்லி 'ஓடு' என்பதைப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் 'ஓடு' என்பதை முன்னால் நிறுத்துகிறார்கள். எதனோடு என்று தெரிவதற்கு முன்பே கூட ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. வினைச்சொல்லே இல்லை. போகிறேன், வருகிறேன் என்று எதுவும் இல்லை. இன்னும் வேடிக்கை, யாருடைய அனுமதி என்று அதில் இல்லவே இல்லை. உங்கள் என்ற சொல் விட்டுப்போயிருக்கிறதா, அல்லது யாரையும் குறிப்பிட்டுக் கேட்பதில்லையா?

இன்னொரு கேள்வி, இதுதான் எனக்கு முக்கியம். சொன்னபின் பதிலுக்காக நிற்கிறார்களா, நடந்துவிடுகிறார்களா? மார்த்தா நிற்கவில்லை. நாம் "போயிட்டு வரட்டுங்களா" என்று கேட்கும்போதே செருப்பை மாட்டிவிடுகிறோமே, அப்படியா?

வியாழக்கிழமை நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு பட்டன் அட்டை எடுக்க எழ வேண்டியிருந்தது. மூக்கில் விட்டுச் சொன்னேன். மார்த்தா கண்ணை விரித்து, கையைத் தட்டி, "ஃபாஸ ஃபவோர்" என்றார். அன்றைக்கு அளவு பார்க்க நாங்கள் அனுப்பியிருந்த ஃபிட் சாம்பிளில் ஒரு குறையும் சொல்லவில்லை.

போன கடிதத்தில் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தேன். விட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நித்யஸ்ரீ

*

பார்சேலுஸ்
20 அக்டோபர் 2024

நித்யாவுக்கு,

சுகம். அத்தை முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க. நாள் தள்ளிப்போச்சு, ரெண்டு மெஷின் ஒரே சமயத்துல மக்கர் பண்ணிடுச்சு.

உங்க கேள்வியை ஃபாத்திமா அக்காகிட்ட சொன்னேன். "அறுவது வருசமா சொல்லிட்டிருக்கேன், ஒரு நாளும் யோசிச்சதில்லை, நீ கட்டப்போற பொண்ணு எப்படிப்பா இதெல்லாம் கேக்குது" அப்படின்னாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் விடலை.

'உங்க அனுமதியோட'ன்னு நீட்டியும் சொல்லலாமாம், பெரிய மனுசங்க முன்னால. சாதாரணமா யாரும் சொல்றதில்லை. பஸ்ல பார்த்தேன், வாய் சொல்லும்போதே கால் போயிடுது. யாரும் நிக்கறதில்லை. எதிர்ல இருக்கறவங்களும் ஒதுங்கிட்டுத்தான் 'ஃபாஸ ஃபவோர்', தாராளமாப் போங்கங்கறாங்க.

ஆனா இன்னொண்ணு இருக்குது. மூடின கதவைத் தட்டிட்டு 'தா லிசென்ஸ?'ன்னு கேக்கணும். அது கேள்வி. உள்ள இருந்து 'வாங்க'ன்னு வர்ற வரைக்கும் நிக்கணும். அந்த 'தா' நம்ம தா மாதிரியேதான், கொடுக்கறதுதான்! எனக்கு நாலு வருசமா தோணலை, உங்களுக்கு எழுதும்போதுதான் தோணுது.

அதுலயும் பாருங்க, 'தா'ங்கறது 'அவர் தருகிறார்'ங்கற உருவமாம். எதிர்லயே நிக்கற ஆளைப் பார்த்து, 'அவர் அனுமதி தருகிறாரா'ன்னு கேக்கறது. அதுதான் மரியாதை. நம்ம பக்கம் மாப்பிள்ளை முகத்துக்கு நேராவே "மாப்பிள்ளைக்குக் காப்பி வேணுங்களா"ன்னு கேப்பாங்களே, அதேதான். நெருங்கினவங்கன்னா 'தாஷ்'னு மாறிடும். உங்களுக்கு 'தா' போடறதா 'தாஷ்' போடறதான்னு அக்கா கேட்டாங்க. எனக்கே தெரியலைன்னேன். சிரிச்சாங்க.

இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்கு ஸ்வெட்டர் என்ன சைஸ் வாங்கறது?

தரணீதரன்

*

வேலம்பாளையம்
10 நவம்பர் 2024

தரணி மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. உங்களுக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு உங்கள் அம்மா புடவையும் பலகாரமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியப்பாவும் இருந்தார். வடைத் தட்டோடு நான் அந்த இடத்தில்தான் நின்றிருந்தேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை: "ஏனுங்க லிங்கசாமிண்ணா, மாசியில கல்யாணம். புள்ள மார்கழியோட வேலைய நிறுத்திக்கட்டுங்களே. நாலு ஊட்டு வேலையும் பழகோணுமில்லீங்க."

பெரியப்பா: "அதுக்கென்னுங்க. இனி உங்க ஊட்டுப் புள்ள. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

அத்தை வடையை எடுத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலாட்ட இருக்குது கண்ணு" என்றார்கள்.

அவ்வளவுதான். என் வேலை முடிந்துவிட்டது. வெளிக் கம்பெனியாக இருந்தால் நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் இருக்கும். முதலாளி பெரியப்பாவாக இருந்தால் ஒரு வடை தின்னும் நேரம் போதும் போலிருக்கிறது. திங்கட்கிழமை நான் போகும்போது பெரியம்மாவின் அண்ணன் மகன் நித்தீஷ் என் மேஜைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, மார்த்தாவோட மெயில் எல்லாம் எனக்கு ஃபார்வேர்டு பண்ணச் சொன்னாருங்க பெரியவரு" என்றான். அவன் மேல் தப்பில்லை.

அத்தை மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் கிளம்பும்போது அம்மாவிடம், "தரணிகிட்டயும் பேசிட்டேனுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நான் இரண்டு தடவை கேட்டேன். நீங்கள் 'ம்' எப்படிச் சொல்வது என்பது முதல் ஸ்வெட்டர் வரை எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்றைத் தவிர. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரே கேள்வி. உங்களுக்கு முன்பே தெரியுமா?

நித்யஸ்ரீ

*

வேலம்பாளையம்
8 டிசம்பர் 2024

தரணி மாமாவுக்கு,

வணக்கம். நலம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுகிறீர்கள், மழை பெய்கிறது என்கிறீர்கள், அம்மாவும் எதிர் வீட்டு அக்காவும் கேட்டுக்கொள்கிறார்கள்.

மார்த்தாவின் ஃபைல்களை நித்தீஷிடம் இன்னும் கொடுக்கவில்லை. கேட்டால், ஷிப்மென்ட் முடியட்டும் என்கிறேன். அவனும் பாவம், தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து என் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

'கொடு' என்ற வினையை மார்த்தாவிடம் கேட்டு எல்லா ஆளுக்கும் எழுதி வைத்திருக்கிறேன். நான் தருகிறேன் என்பது 'தோ'. நாங்கள் தருகிறோம் என்பது 'தாமுஷ்'. ஆறு ஆளில் ஐந்து ஆள் 'த'வில் தொடங்கி 'ஆ'வுக்கோ அதன் பக்கத்துக்கோ போகிறார்கள். 'நான்' மட்டும் தனியாக 'ஓ' என்று போகிறது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஃபாத்திமா அவர்களிடம் என் சார்பில் ஒன்று கேட்க முடியுமா? எனக்கு வேலை கொடுங்கள் என்று இல்லை. அவர் கல்யாணத்துக்குப்பின் வேலைக்குப் போனாரா, அதை யார் முடிவு செய்தார்கள் என்று மட்டும்.

நித்யஸ்ரீ

*

பார்சேலுஸ்
22 டிசம்பர் 2024

நித்யாவுக்கு,

நான் இருக்கேன். உங்க எல்லாருக்கும் சுகம்னு நினைக்கறேன். நாலு வாட்டி எழுதி அழிச்சேன்.

உங்க கேள்வியை ஃபாத்திமா அக்காகிட்ட கேட்டேன். கேக்கறப்பவே மாட்டிக்கிட்டேன். "ஏன், அந்தப் பொண்ணுக்கு வேலைக்கு வரணும்னு இருக்குதா? நீ வரமாட்டான்னு சொன்னியே" அப்படின்னாங்க.

ஆகஸ்ட்ல ஊர்ல இருந்து இனிப்போட வந்தேன். பொண்ணு என்ன பண்ணுதுன்னு அக்கா கேட்டாங்க. சொன்னேன். உடனே, "எனக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும், இங்க வரையறதும் தெரியணும், அங்க தைக்கறதும் தெரியணும், வந்ததும் கூட்டிட்டு வா"ன்னு சொன்னாங்க. சட்டப்படியும் தடையில்லை. நான்தான், அவங்க வேலைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன்.

மெஷின் ஹால் கீழே. சாம்பிள் ரூமும் ஆபீஸும் மேலே. எந்த மெஷின் என்ன துணி ஓட்டணும்னு மேலே இருந்துதான் சீட்டு வரும். ரூம்ல என்கூட இருக்கற ஜெயபாண்டி, திருச்செந்தூர் பக்கத்துக்காரன், விஷயம் கேட்டுட்டு, "என்னடே தரணி, பொண்டாட்டி மாடியில இருந்து ஆர்டர் போடுவா, நீ கீழ நின்னு ஊசி மாத்துவியாக்கும்"னு சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம்தான் அக்காகிட்ட அப்படிச் சொன்னேன். அடுத்த வாரம் அம்மா போன்ல, புள்ளய வேலைய விடச் சொல்லிரலாமான்னு கேட்டாங்க. சரின்னேன்.

தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும்.

அக்கா கல்யாணமான மறுவாரம் வேலைக்கு வந்தாங்களாம். யாரு முடிவு பண்ணினாங்கன்னு கேட்டதுக்கு, கேள்வியே புரியலைன்னாங்க.



தரணீதரன்

*

வேலம்பாளையம்
5 ஜனவரி 2025

தரணி மாமாவுக்கு,

வணக்கம். இங்கே பனி அதிகம், அப்பாவுக்குச் சளி. மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

எழுதியதற்கு நன்றி.  படித்த மூன்றாம் நாள் பெரியப்பாவின் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

"பெரியப்பா, நான் வேலையை விடலீங்க."

"அத்தை சொன்னாங்களே கண்ணு?"

"அத்தை நம்ம கம்பெனியில வேலை பாக்கறாங்களாங்க?"

 திட்டுவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கப்பன் வாயில்லாத பூச்சி. உனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்துச்சு? போ, போ. நித்தீஷுக்கு வேற பையரப் பாக்கறேன். உங்க அத்தைக்கு நீயே பதில் சொல்லிக்க, என்னால ஆகாது சாமி."

அப்புறம் இன்னொன்றும் செய்தேன். ஃபாத்திமா அவர்களின் முகவரியை நீங்கள் எழுதவில்லை. உங்கள் கம்பெனி இணையதளத்தில் இருந்தது. நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி, என் சாம்பிள் படங்களோடு அனுப்பினேன். யாருடைய வருங்கால மனைவி என்று எழுதவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். பதினாறாம் தேதி, காணும் பொங்கலன்று மதியம் வீடியோவில் பேசலாம் என்றிருக்கிறார். கிடைத்தாலும் வேலைக்கான காகிதங்கள் மாசிக்குள் வராது, ஆவணி ஆகும்; கல்யாணமும் அப்போதுதான். கிடைக்காவிட்டால் அந்த ஊரில் வேறு கம்பெனிகளைத் தேடுவேன்.

இந்த விஷயத்தில் உங்கள் சம்மதத்தை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. மேலே உட்கார்ந்து கீழே சீட்டு அனுப்பப் போகிற ஒருத்தியைக் கட்டிக்கொள்ள உங்களுக்கு மனம் இருக்கிறதா? ஜெயபாண்டி சிரிப்பார். அத்தை வருத்தப்படுவார்கள். அதையெல்லாம் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன். ஆனால் இதற்கும் பதில் வராமல் வேறு எதையாவது எழுதினீர்கள் என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதம் வரும்வரை பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.  பத்திரிகை மாதிரிகளை அடுக்கி ரப்பர் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

நித்யஸ்ரீ

*

பார்சேலுஸ்
19 ஜனவரி 2025

நித்யாவுக்கு,

மாமாவுக்குச் சளி எப்படி இருக்குது? பொங்கல் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். நான் நல்லா இருக்கேன்.

முதல்ல பதில். மனம் இருக்குதுங்க. ஆகஸ்ட்ல உங்களைப் பார்த்தப்போ இருந்ததைவிட இப்போ அதிகமா இருக்குது. பத்திரிகை ஆவணிக்கே அடிச்சுக்கலாம், உங்களுக்கு எப்போ தோதுப்படுதோ அப்போ.

அம்மாகிட்ட நானே சொன்னேன். "கட்டறதுக்கு முன்னாடியே தலை மேல ஏத்தி வெச்சுட்டியா"ன்னு கேட்டாங்க.  பொங்கலன்னிக்குக் கூப்பிட்டா போனை அப்பாகிட்ட குடுத்துட்டாங்க. கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பாங்க. உங்ககிட்ட வந்து ஏதாவது சொன்னா, என்கிட்ட பேசச் சொல்லிடுங்க. அது நான் பார்க்க வேண்டியது.

ஜெயபாண்டிகிட்டயும் சொன்னேன். "அப்ப ஊசி மாத்துவ"ன்னான். "மாத்துவேன், நாலு வருசமா அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்"னேன். 

பேட்டி எப்படிப் போச்சுன்னு ஃபாத்திமா அக்கா சொல்லலை. நானும் கேக்கலை, கேக்கறது சரியில்லைன்னு விட்டுட்டேன். நீங்க எழுதினா தெரிஞ்சுக்கறேன்.

சாம்பிள் ரூம்ல சன்னலோரமா ஒரு மேசை காலியா கிடக்குது. அது யாருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது பக்கத்துச் சுவத்துல இருக்கற ஹீட்டர் ரெண்டு வருசமா ஓடறதில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு ஸ்பேனரோட மேலே போய்க் கழட்டி, வால்வு மாத்தி, ஓட விட்டேன். யாரு உன்னைப் பண்ணச் சொன்னாங்கன்னு அக்கா கேட்டாங்க. யாரும் சொல்லலை, திருப்பூர்க்காரங்களுக்குக் குளிர் ஆகாதுன்னேன்.

இப்போ நல்லாச் சூடா இருக்குதுங்க.

தரணீதரன்